பத்து கிராம் நைலான்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிறவர் ஐந்து பாலங்களைத் தாண்ட வேண்டும்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடிவிடுவது வழக்கம் என்பதால் மாசிக் கடைசியில் பாலத்துக்குப் பாலம் மணல்தான். அங்கங்கே குட்டையாகத் தேங்கிய தண்ணீர், அதில் துணி துவைப்பவர்கள். சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. தாளடி அறுப்பு முடிகிற நேரம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் எடுக்கமாட்டார்கள். ஆகவே ஊரே தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பிக் காலால் துழாவிவிட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் வெறுங்கால். நண்பகல் வெயிலில் தார் என்ன சூட்டில் இருக்கும் என்பது செருப்பைத் தாண்டியே எனக்கு ஏறியது. துழாவிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "சுடலையாங்க?" என்றேன்.

"பழகிப்போச்சு தம்பி. சுகர் வந்ததுக்கப்புறம் சூடே தெரியறதில்ல. ஒருவகையில அதுவும் நல்லதாப் போச்சு" என்று சிரித்தார்.

அந்தச் சூடு தெரியாமல் போவதைப் பற்றி எழுதத்தான் நான் இந்தப் பக்கம் வந்திருந்தேன். சர்க்கரை நோயாளியின் காலில் உணர்ச்சி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எப்படிப் பார்க்கிறார்கள், யார் பார்க்கிறார்கள், பார்த்து என்ன செய்கிறார்கள்? ஊர் ஊராகப் போய்க் கால்களைப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பியிருந்தேன். சோழமண்டலத்துக்குப் போகிறவர்கள் பொதுவாகக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் குனிந்தபடியே சுற்றினேன்.

2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். டெல்டாவில் இதை யாரும் எண்ணிக்கையாகச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியில் எத்தனை பேர் பாயசத்தை வேண்டாம் என்கிறார்கள் என்று பார்த்தால் போதும். (அவர்களே திருவையாறு வந்தால் அசோகா அல்வாவை வேண்டாம் என்பதில்லை. அது வேறு கதை.) சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் நரம்பும் கெடுகிறது, நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாயும் கெடுகிறது. உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து கால்விரல் வரை போகிறவைதான். அதனால் பழுது முதலில் தெரிவது விரல் நுனியில். பிறகு பாதம், கணுக்கால், கெண்டைக்கால் என்று மேலே ஏறும். இரண்டு காலிலும் ஒரே மாதிரி ஏறும்.

ஏறும்போது சிலருக்கு அது சத்தம் போடும். ராத்திரியில் பாதம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும், எறும்பு ஊரும், தரை பஞ்சாகத் தோன்றும். செருப்பு எங்கேயோ கழன்று விழுந்தது தெரியாமல் வீடுவரை வந்துவிட்டதாகச் சொல்கிறவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். மருத்துவர்களும் இதையே கேள்வியாக வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்னொரு பெருங்கூட்டத்துக்கு எரிச்சலும் இல்லை, ஊறலும் இல்லை. ஒன்றுமே இல்லை என்பதுதான் அவர்களுடைய நோய். வலித்தால் மனிதன் ஆஸ்பத்திரிக்குப் போவான், வலிக்காததற்கு யார் போவார்கள்? ஆகவே யாராவது வந்து தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்டியூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அப்படித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் ரத்தக்கொதிப்பு பார்க்கும் கருவி, இன்னொன்றில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பது. இரண்டிலும் நல்ல கூட்டம். மூன்றாவதாக ஒரு பெஞ்சு. அங்கே உட்கார்ந்திருந்த செவிலியரின் கையில் பேனா அளவு பிடி, அதன் நுனியில் தூண்டில் நரம்புபோல ஒரு நைலான் இழை. மோனோஃபிலமென்ட் என்று பெயர். இழையைத் தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் ஒரு கட்டத்தில் அது வளையும். வளைகிற அந்தக் கணத்தில் தோல்மேல் விழும் விசை 10 கிராம். அதற்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் இழை இன்னும் வளையுமே தவிர விசை பெரிதாகக் கூடாது. அழுத்துகிற கை முரட்டுக் கையா மெல்லிய கையா என்பது இங்கே எடுபடாது. மொத்தத் தந்திரமும் இவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

அந்தப் பெஞ்சில் கூட்டம் இல்லாததற்குக் காரணம் கொஞ்ச நேரத்தில் புரிந்தது. காலை நீட்டச் சொன்னால் யாரும் நீட்டமாட்டேன் என்கிறார்கள். "உங்க முன்னாடி காலை நீட்டறதாம்மா?" என்று ஒரு அறுபது வயதுக்காரர் எழுந்தே விட்டார். நடவுக்குப் போகிற பெண்களுக்கு வேறு கூச்சம். பம்பில் போய்த் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தும் புடவைக்குள் பாதத்தை இழுத்துக்கொண்டார்கள். செவிலியர் தரையில் இறங்கி உட்கார்ந்து, பெஞ்சில் அவர்களை ஏற்றி உட்கார வைத்த பிறகுதான் வேலை நடந்தது.

ஒரு பெரியவரின் சோதனையை முழுதும் பார்த்தேன். முதலில் அவருடைய முன்கையில் இழையை வைத்துக் காட்டினார் செவிலியர். "இதுதான்யா. குத்தாது, பயப்படாதீங்க. இப்பக் கண்ணை மூடிக்குங்க." பிறகு காலுக்கு வந்தார்.

"இப்பத் தெரியுதாங்கய்யா?"

"ம்."

"இப்ப?"

"ம், தெரியுது."

மூன்றாவது முறை செவிலியர் இழையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப?" என்றார்.

"நல்லாத் தெரியுதும்மா."

செவிலியர் என்னைத் திரும்பிப் பார்த்தார், சிரிக்கவில்லை. இந்த வட்டாரத்தில் கேட்டதற்கு இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு. அதிலும் உட்கார்ந்து காலைத் தொடுகிற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சாப்பிட்டீர்களா என்றால் சாப்பிட்டாச்சு, தெரியுதா என்றால் தெரியுது. செவிலியர் கேட்கிற விதத்தை மாற்றினார். "இனிமே நான் கேக்கவே மாட்டேன்யா. எப்பத் தொடறேனோ அப்ப நீங்களாச் சொல்லணும். எந்தக் காலுன்னும் சேத்துச் சொல்லணும்." அதற்கப்புறம் தாழ்வாரத்தில் பேச்சே இல்லை. வலது பெருவிரலின் சதையில் இழை வளைந்து நின்றது, எடுக்கப்பட்டது, மறுபடியும் வளைந்தது. பெரியவர் கண்ணை மூடிக் காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுமை போய்க் கண்ணைத் திறந்து, "எங்கம்மா, நீ தொடவே இல்லையே?" என்றார். அப்போது இழை அவருடைய விரலில் வில்லாக வளைந்துதான் இருந்தது. அதை அவர் குனிந்து பார்த்தார். அருகிலிருந்த அவர் மனைவியும் பார்த்தார்.

விதிப்படி ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முறை நிஜமாகத் தொட வேண்டும், ஒரு முறை தொடாமலேயே கேட்க வேண்டும். மூன்றில் இரண்டுக்குச் சரியான பதில் வந்தால் அந்த இடத்தில் காக்கும் உணர்ச்சி இருக்கிறது என்று பொருள். பெருவிரலின் அடிச்சதை, பெருவிரலும் சுண்டுவிரலும் பாதத்தில் சேரும் இடத்து மேடுகள் ஆகியவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பொய்யாகக் கேட்கும் அந்த ஒரு முறைதான் சோதனையின் உயிர் என்று எனக்குப் பட்டது. அதைச் செய்யாமல், "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே போனால் டெல்டா முழுக்க ஒருவருக்கும் நரம்புக் கோளாறு இருக்காது. அட்டையில் எல்லாம் டிக் விழுந்திருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதக் கருவி 17க்குப் பதில் 18 காட்டினால் சண்டைக்குப் போகிற மனிதர்கள், தங்கள் கால் எடுத்த மதிப்பெண்ணை என்னவென்று கேட்பதுகூட இல்லை.

இந்த இழையின் பூர்வீகத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு பகுதி தமிழ்நாட்டுக்காரருடையது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஃப்ரே என்ற உடலியல் அறிஞர் குதிரை மயிரைக் குச்சியில் ஒட்டித் தொடு உணர்ச்சியை அளந்தார். 1960இல் அமெரிக்காவில் ஜோசஃபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டீன் என்ற இருவர், போரில் மூளையில் காயம்பட்ட சிப்பாய்களைச் சோதிக்க நைலான் இழைகளைப் பயன்படுத்தினார்கள். இன்றும் அவர்கள் பெயரில்தான் அது விற்கிறது. ஆனால் அந்த இழை கைக்கும் மூளைக்கும் உரியதாக இருந்தது. அதைப் பாதத்துக்கு இறக்கிய பாதை தொழுநோய் வழியாக வருகிறது. அந்தப் பாதையில் பெரிய பெயர் பால் பிராண்ட்.

1914இல், கொல்லிமலையில் பணியாற்றிய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் பிராண்ட். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். விரல் தானாக உதிரவில்லை, உணர்ச்சி போனதால் சூட்டிலும் ஆணியிலும் முள்ளிலும் பட்டுப் பட்டுக் கெடுகிறது என்பதை அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் நிறுவினார்கள். வலி இல்லாததுதான் நோய் செய்யும் சேதம். வேலூரிலும், பக்கத்துக் கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் நடந்த வேலையிலிருந்து வந்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் அது. முன்பு அதைப் போட்டு நடந்தால் ஊர் ஒதுங்கிப் போகும். இன்று அதே ரப்பரைச் சர்க்கரைக்காரர் செருப்பு என்று கடையில் கேட்டு வாங்குகிறார்கள்.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானாவில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்த்தபோது அவருக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. வேலூரில் பார்த்த அதே புண், அதே இடம். 1986இல் கார்விலைச் சேர்ந்த பர்க், சிம்ஸ் இருவரும் பாதப்புண் உள்ள தொழுநோயாளிகளையும் சர்க்கரை நோயாளிகளையும் வெவ்வேறு இழைகளால் சோதித்து, புண் வந்த எவராலும் 10 கிராம் இழையை உணர முடியவில்லை என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரை வந்தது தொழுநோய் ஆய்விதழில். கண்டியூர்ப் பக்கத்துப் பெஞ்சில் ஏன் 8 கிராமும் இல்லாமல் 12 கிராமும் இல்லாமல் 10 கிராம் இழை இருக்கிறது என்றால், விடை அங்கே இருக்கிறது. கும்பகோணத்தை ஒட்டிய சாக்கோட்டையில் தொழுநோயாளிகளைப் பார்த்துவரும் பழைய மருத்துவமனை ஒன்று உண்டு. அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது, இந்த ஊர் மக்களுக்கு மரத்த கால் என்றால் என்ன என்று சொல்லித்தர இரண்டு தலைமுறைக்கு முன்பே ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவமானம் என்று ஒதுக்கிய நோயிலிருந்து பாடம் கற்றுக்கொள்ள யாரும் முன்வரவில்லை.

இனி, இழை தோற்கிற இடங்கள். டெல்டாவின் பாதம் பாடப்புத்தகத்துப் பாதம் அல்ல. வரப்பில் வெறுங்காலோடு ஐம்பது வருடம் நடந்த குதிகாலின் தோல் காய்ப்பு ஏறிக் கெட்டித்துப்போயிருக்கும். அதில் நைலானை வளைத்தால் நல்ல நரம்புள்ளவருக்கும் தெரியாது. பித்தவெடிப்பு, கால் ஆணி, புண் உள்ள இடத்தில் இழையை வைக்கக் கூடாது, பக்கத்தில் நகர்த்தி வைக்க வேண்டும் என்பது விதி. பாதம் முழுக்கவே காய்ப்பு என்றால் எங்கே நகர்த்துவது? இது செவிலியரின் அனுபவத்துக்கு விடப்பட்ட கேள்வி. நடவுக்காலத்தில் இன்னொரு தொல்லை சேற்றுப்புண். விரல் இடுக்கு வெந்து வெளுத்துப்போய், மஞ்சளோ மருதாணியோ அப்பிக்கொண்டு வருவார்கள். உணர்ச்சி உள்ளவருக்குச் சேற்றுப்புண் அரிக்கும், எரியும், தூங்கவிடாது. உணர்ச்சி போனவருக்கு அது கிருமி உள்ளே போகிற வாசல், அவ்வளவுதான். ஆகவே இழையை எடுப்பதற்கு முன் விரல்களை விரித்து இடுக்கைப் பார்ப்பதே பாதிச் சோதனை. மெட்டி அழுத்திய தடத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இழையே களைத்துப்போகும் என்பது பலருக்குத் தெரியாது. ஏறக்குறைய பத்துப் பேருக்குப் பயன்படுத்தியதும் அதை ஒரு நாள் ஓய்வில் விட வேண்டும் என்கிறார்கள். இல்லாவிட்டால் நைலான் தளர்ந்து 10 கிராமுக்கு முன்னாலேயே வளையத் தொடங்கும். காற்றில் ஈரம் அதிகமானாலும் நைலான் இளகும். ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பக்கம் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு முகாமில் நூறு பேர் பார்த்தோம், இருநூறு பேர் பார்த்தோம் என்று புகைப்படத்தோடு செய்தி வரும்போது, எத்தனை இழை கொண்டுபோனீர்கள் என்று கேட்க எனக்கு ஆசை. எண்ணிக்கைக்காக நடக்கும் முகாமைவிட, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் இருபது பேரைப் பொறுமையாகப் பார்ப்பது மேல் என்றுதான் சொல்வேன்.

திருவையாற்றில் ஒரு மருத்துவர் தன் மேசை இழுப்பறையிலிருந்து இசைக்கவையை எடுத்துக் காட்டினார். 128 ஹெர்ட்ஸ். தட்டிவிட்டுப் பெருவிரல் எலும்பின்மேல் வைப்பார், அதிர்வு நின்றதும் நோயாளி சொல்ல வேண்டும். 1711இல் ஜான் ஷோர் என்ற லண்டன் எக்காளக்காரர் சுருதி சேர்ப்பதற்காகச் செய்த பொருள். தியாகராஜர் சமாதி இருக்கும் ஊரில் அதைக் காலில் வைத்துப் பார்ப்பது பொருத்தமாகத்தான் இருந்தது. அங்கேயும் கேள்வியில்தான் சூட்சுமம். தட்டின சத்தம் காதில் விழுந்தாலே தெரியுது என்று சொல்லிவிடுவார்கள் என்பதால், சில சமயம் தட்டாமலும் வைக்கிறார். பெரிய மருத்துவமனைகளில் இதே அதிர்வை மின்கருவியால் அளக்கிறார்கள். பயோதீசியோமீட்டர் என்ற அந்தக் கருவியில் 25 வோல்ட்டுக்கு மேல் ஏற்றியும் தெரியாவிட்டால் புண் வரும் ஆபத்து அதிகம் என்று கணக்கு. எண்ணாக வருவதால் நோயாளிகளுக்கு இதில் மரியாதை கூடுதல். அடுத்த வருடம் போய் அதே எண்ணோடு ஒப்பிடலாம் என்பது உண்மையான லாபம்.

மரத்துப்போன கால் எல்லாம் சர்க்கரையால் மரத்ததில்லை என்றும் அவர் சொன்னார். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு பி-12 குறையலாம். சைவச் சாப்பாடு என்றால் இன்னும் குறையும். சாராயமும் நரம்பைக் கெடுக்கும். தொழுநோயும் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. இழை உணர்ச்சி இல்லை என்று மட்டும்தான் சொல்லும், ஏன் இல்லை என்று சொல்லாது.

எலியைப் பற்றிச் சொல்லாமல் டெல்டாவைப் பற்றி எழுத முடியாது. மூங்கிலை வில்லாக வளைத்து வயலில் வைக்கும் எலிப்பொறிக்கே தஞ்சாவூர் கிட்டி என்றுதான் பெயர். அறுப்பு முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரின் காலில் உணர்ச்சி இல்லையென்றால், எலி கடிப்பது தெரியாது. காலையில் பாயில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் சர்க்கரை நோய் மருத்துவ இதழ்களில் பதிவான விஷயம். வேலூரில் பிராண்டின் தொழுநோயாளிகளுக்கும் இதே நேர்ந்தது, அதனால் சிகிச்சை முடிந்து போகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். பாபநாசத்துக்கு அருகே ஒரு வீட்டில், வீட்டுக்காரரின் கட்டில் புதிதாக இருந்தது. மருத்துவர் சொல்லி வாங்கியது, கால்மாட்டில் கொசுவலை நான்கு பக்கமும் செருகியிருந்தது. "கொசுவுக்கில்லீங்க" என்றார் அவர் மருமகள்.

தஞ்சாவூர் திரும்பிய நாளில் பெரிய கோவிலுக்குப் போனேன். நடுப்பகல், சுற்றுலாப் பேருந்துகள் வந்து நின்றுகொண்டிருந்தன. செருப்பை வெளியே விட்டுவிட்டு எல்லோரும் துள்ளித் துள்ளி ஓடினார்கள், நிழலைத் தேடி, விரிப்பைத் தேடி. 1010இல் ராஜராஜன் கட்டி முடித்ததிலிருந்து இந்த வெயில் மாறவில்லை. மாறியிருப்பது அதில் நடக்கிற கால்கள். ஓட்டமும் துள்ளலும் நல்ல நரம்பின் அடையாளம். அவசரமே இல்லாமல், வெயிலில் நிதானமாகப் பிராகாரத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்த சிலரைப் பார்த்தபோது எனக்குப் பக்தி தோன்றவில்லை, பதற்றம்தான் வந்தது. கோயில் தளத்தில் நடந்து பாதம் வெந்து, சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்துத் திகைக்கும் சர்க்கரை நோயாளிகள் கோடைதோறும் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

இங்கே நுணுக்கம் ஒன்று உண்டு. தொடுகையையும் அதிர்வையும் கொண்டுபோவது பருத்த நார்கள். சூட்டையும் வலியையும் கொண்டுபோவது மெல்லிய நார்கள். மெல்லியவை பலருக்கு முன்னாலேயே கெட்டுவிடும். அதனால் 10 கிராம் இழையில் தேறியவருக்கும் சூடு தெரியாமல் இருக்கலாம். சூடும் குளிரும் தெரிகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இழையில் தேறிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறவர்களுக்கு இதை யார் சொல்வது? வெந்நீரின் சூட்டை வீட்டில் வேறொருவர் முழங்கையால் பார்க்க வேண்டும் என்பது எழுதி ஒட்ட வேண்டிய விஷயம். கோயிலுக்கு விடியற்காலையிலோ சாயங்காலமோ போகலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

கோயிலிலிருந்து அரண்மனை நடக்கிற தூரம்தான். சரசுவதி மகாலில் இரண்டாம் சரபோஜியின் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் என்ன கோளாறு, என்ன சிகிச்சை என்று எழுதி, கண்ணைப் படமாகவே வரைய வைத்திருக்கிறார். சரபோஜி ஆண்டது 1798 முதல் 1832 வரை. இருநூறு வருடத்துக்கு முன் இதே ஊரில் ஒரு நோயாளியின் கண்ணைப் படம் வரைந்து பதிந்து வைத்தவர்கள் இருந்தார்கள். நான் போன வீடுகளில் மஞ்சள்பையிலிருந்து எடுத்துக் காட்டப்பட்ட சுகர் நோட்டுகளில் ஒவ்வொரு மாதத்துச் சர்க்கரையும் இருந்தது, மாத்திரை இருந்தது. பாதத்தைப் பற்றி ஒரு வரி இருந்த நோட்டு அபூர்வம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பாதம் பாதுகாப்போம் என்ற பெயரில் சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பரிசோதிப்பதற்கே ஒரு திட்டம் வந்திருக்கிறது, அதை முதலில் சோதித்துப் பார்த்தது இந்தத் தஞ்சை மாவட்டத்தில்தான். வருடத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு சர்க்கரை நோயாளியின் காலையும் பார்க்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. உணர்ச்சி போய்விட்டது என்று தெரிந்தவருக்கு இன்னும் அடிக்கடி. போன உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை, ஆனால் போய்விட்டது என்று தெரிந்தவர் கண்ணால் காலைக் காக்கலாம். தினமும் பார்ப்பது, குதிகாலில் வார் உள்ள செருப்பு போடுவது, ஆணியை பிளேடால் சீவாமல் இருப்பது.

மன்னார்குடியில் தெரிந்த வீட்டில் தங்கியபோது இழையும் கவையும் கையில் இல்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரில் ஜெரி ரேமன் என்ற மருத்துவரின் குழு 2011இல் சொன்னது. ஆள்காட்டி விரல் நுனியால் கால்விரல்களின் நுனியை மெல்லத் தொட வேண்டும், ஒன்றிரண்டு நொடி. வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், பிறகு இரண்டு நடுவிரல்கள். தட்டக் கூடாது, அழுத்தக் கூடாது, ஒரு விரலுக்கு ஒரே முறைதான். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். இழையோடு ஒப்பிட்டால் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான் என்று காட்டியிருக்கிறார்கள். செலவு இல்லை, ஆனால் நம் வீடுகளில் யார் காலை யார் தொடுவது என்று ஒரு சட்டப்புத்தகமே உண்டே. வீட்டுக்காரர் மனைவியின் காலைத் தொடமாட்டேன் என்றார், "எனக்கொண்ணுமில்ல, அவளுக்குத்தான் பாவம்" என்று காரணம் சொன்னார். மருமகள் முன்வந்தாள். மாமியார், "நீ எதுக்குடி இப்பப் போய்க் காலைத் தொடறே, தீபாவளிக்குத் தொட்டாப் போதும்" என்று இழுத்துக்கொண்டார். கடைசியில் கல்லூரியில் படிக்கிற பேத்தி பாட்டியைக் கட்டிலில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒரு வார்த்தை கேட்காமல் தொட்டாள். ஆறில் மூன்று தெரிந்தது. தெரியாத மூன்றும் பொய்க்கணக்கு என்று பாட்டி வாதாடினார். பேத்தி மறுபடி செய்யவில்லை, ஒரே முறைதான் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போலாமாப்பா?" என்று அவள் அப்பாவிடம் கேட்டாள். திங்கள் ராகுகாலம் ஏழரை ஒன்பது, அதற்கப்புறம் கிளம்பினால் ஓ.பி. சீட்டு கிடைக்காது என்றார் பாட்டி. ஆறரை மணி பஸ்ஸில் கிளம்புவது என்று முடிவாயிற்று.